தோல் விற்காத சாமி

அமிர்தவள்ளிக்குப் பிறந்த வீட்டுச் சாமி எது என்று நன்றாகத் தெரியும். ஏலகிரி மலையடிவாரத்தில் ஒரு பாறைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பச்சையம்மன். தெரிந்து என்ன பிரயோஜனம்? கழுத்தில் தாலி ஏறியதும் அந்த அம்மனோடு இருந்த உறவு முடிந்தது. பெண் என்பவள் வீடு மாறுவாள், இனிஷியல் மாற்றுவாள், கூடவே சாமியையும் மாற்றிக்கொள்வாள். இது என்ன நியாயம் என்று கேட்ட ஆள் அந்த ஜில்லாவில் இதுவரை பிறக்கவில்லை. இனிமேல் புருஷன் வீட்டுச் சாமிதான் அவள் சாமி என்றார்கள். சரி என்று தலையாட்டினாள். புருஷன் வீட்டுச் சாமி எது என்பது புருஷனுக்கே தெரியாது என்று பிறகுதான் தெரிந்தது.

சுந்தரமூர்த்தி இருந்தவரை அது ஒரு குறையாகப் படவில்லை. ஆம்பூரில் ஒரு டேனரியில் தோலுக்குச் சாயம் ஏற்றும் வேலை அவருக்கு. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டதால் முன்னோர் கதை எதுவும் அவர் காதுவரை வந்து சேரவில்லை. மகள் பூர்ணிமாவுக்கு முதல் முடி எங்கே இறக்குவது என்ற கேள்வி வந்தபோது, "குலதெய்வம் தெரியாதவங்களுக்கெல்லாம் திருப்பதிக்காரருதான்" என்று சொல்லி பஸ் ஏற்றினார். பெருமாளும் ஒன்றும் கேட்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் ஒருநாள் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அமிர்தவள்ளி அதற்கு முன்பிருந்தே ஷூ கம்பெனியில் இருந்தாள். தையல் மெஷினில் தொடங்கி இப்போது லைன் சூப்பர்வைசர். மேல்தோல் தைத்து முடிந்ததும் இடது கால், வலது கால் இரண்டையும் பக்கத்தில் வைத்து நிறமும் வரியும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து அனுப்புவது அவள் பொறுப்பு. ஒத்துப்போகாத ஜோடியை, எக்ஸ்போர்ட் மேனேஜரே வந்து நின்று 'விடும்மா, டைம் இல்ல' என்று சொன்னாலும், விட மாட்டாள். "அமிர்தா விட்டா அமெரிக்காக்காரனே விட்ட மாதிரி" என்று லைனில் பேச்சு. அதில் கேலியும் உண்டு, கொஞ்சம் பயமும் உண்டு.

பூர்ணிமா படித்துவிட்டு ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனி ஆபீசில் சேர்ந்தாள். அங்கே டிசைன் பிரிவில் இருந்த இளம்பரிதியைப் பிடித்துப்போனது. விசாரித்தால் பையன் சொந்த சாதியாகவே இருந்துவிட்டான். காதலிக்கிறவர்களுக்கு அந்தப் பக்கத்தில் இப்படி அதிர்ஷ்டம் அடிப்பது அபூர்வம். அதனால் கத்தியோ கண்ணீரோ இல்லாமல் இரண்டு வீடும் சம்மதித்தன. பையனுடைய அப்பா சீனிவாசன், வாலாஜாபேட்டைக்காரர், அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பெண் பார்க்க வந்த அன்று பஜ்ஜியைப் பாதி கடித்த நிலையில் அவர் கேட்டார்.

"உங்க குலதெய்வம் எதும்மா?"

அமிர்தவள்ளி யோசிக்காமல், "கெங்கையம்மனுங்கண்ணா" என்றாள். தெருமுனையில் இருப்பது கெங்கையம்மன். வருஷா வருஷம் கூழ் ஊற்றுவதும் அவளுக்குத்தான்.

சீனிவாசன் சிரித்தார். "அது ஊர் தெய்வம்மா. இந்த ஊருல குடியிருக்கிற எல்லாருக்கும் அவ பொது. உங்க வீட்டுக்காரரோட பாட்டன் முப்பாட்டன் எந்த மண்ணுல பொங்கல் வெச்சாங்க? அத்த கேக்குறேன்."

"தெரியலிங்களே."

"தெரிஞ்சிக்கோங்க. எங்களுக்கு முனீஸ்வரன். மொத பத்திரிகை ரெண்டு வீட்டு சாமிக்கும் வெச்சாகணும். அதவிட முக்கியம் ஒண்ணு இருக்குது. உங்களுதும் எங்களுதும் ஒரே சாமியா இருந்துட்டா, புள்ளைங்க அண்ணன் தங்கச்சி முறை ஆயிடும். அப்புறம் இந்தப் பேச்சே கிடையாது. தெரியாத வரைக்கும் நான் பத்திரிகை அடிக்க மாட்டேன். தப்பா நெனைக்காதீங்க."

அந்த ஊர்களின் சட்டம் அது. அத்தை மகனைக் கட்டலாம், மாமன் மகளைக் கட்டலாம். கூடப் பிறந்த அக்காளின் மகளையே கட்டிப் பேரன் பேத்தி எடுத்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள். ஆனால் எந்தக் காலத்திலோ ஒரே கல்லுக்கு முன்னால் கிடா வெட்டிய அண்ணன் தம்பியின் வழி வந்தவர்கள் மட்டும் எத்தனை தலைமுறை தள்ளிப் போனாலும் பங்காளிகள். பங்காளி வீட்டில் பெண் எடுத்தால் வம்சம் விளங்காது. இதை எழுதி வைத்தவர் யார் என்று தெரியாது, மீறியவர் யாரும் கண்ணில் படவில்லை. முனீஸ்வரன் என்றாரே, எந்த முனீஸ்வரன் என்று அமிர்தவள்ளி கேட்கவில்லை. முனீஸ்வரன் இல்லாத ஏரிக்கரை அந்தப் பக்கத்தில் ஏது?

அவர்கள் போனதும் பூர்ணிமா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எதாச்சும் ஒரு சாமி பேர சொல்லிடும்மா. அங்காளம்மன்னு சொல்லு. யாரு போய்ப் பாக்கப் போறாங்க?"

"தெரியாதத்த தெரியும்னு சொல்ல மாட்டேன். தேடிப் பாக்குறேன் இரு."

"கிடைக்கலன்னா?"

"கெடைக்கும். மனுசன் இருந்த எடத்துல அடையாளம் இல்லாமலா போயிடும்?"

எடுத்த காரியத்தில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அன்று அதை நினைத்து அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை பேரணாம்பட்டுக்குப் போனாள். அங்கே இருக்கும் அந்தோணி சுந்தரமூர்த்திக்குச் சித்தப்பா மகன். சித்தப்பா கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டி வேதத்துக்குப் போய்விட்டார். அந்த வழியில் எல்லாரும் அந்தோணி, ஆரோக்கியம் என்று ஆகிவிட்டார்கள். நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து உண்டு. வந்த விஷயத்தைக் கேட்டதும் அந்தோணி சத்தமாகச் சிரித்தான்.

"எங்களுக்கு அந்தப் பேஜாரே இல்ல அண்ணி. ஒருத்தருதான் சாமி. அட்ரஸ் தேட வேணாம்."

"கிண்டல் பண்ணாத. உங்கப்பாவும் எங்க மாமனாரும் பொறந்தது எங்க? அத்த சொல்லு போதும்."

"பொறந்தது இங்கதான். நம்ம தாத்தா பேரு முனுசாமி. ஒரு சாயபு தோல் மண்டியில வேலை. மண்டிக்குப் பின்னாடி லைன் வீடு இருந்துச்சாம், அங்கதான் ரெண்டு பேரும் பொறந்தாங்க. தாத்தா வேற எங்கருந்தோ இந்த ஊருக்கு வந்தவரு. எங்கருந்துன்னு எங்கப்பா சொன்னதில்ல. கேட்டா, 'செத்தவங்கள எதுக்குடா கெளர்ற'ன்னு வாய அடைச்சிடுவாரு."

லைன் வீடுகள் இருந்த இடத்தில் இப்போது நாலு மாடிக் குடியிருப்பு நின்றது. கீழே செல்போன் கடை. அமிர்தவள்ளி அதை ஏற இறங்கப் பார்த்தாள். புருஷனுடைய அப்பன் தவழ்ந்த இடத்தில் டெம்பர்டு கிளாஸ் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மனதில் ஒன்றும் தோன்றவில்லை. வெயில் மட்டும் ஜாஸ்தியாக இருந்தது.

மண்டி வைத்திருந்த குடும்பம் அடுத்த தெருவில்தான் என்று அந்தோணி கூட்டிப்போனான். அந்த வீட்டு மருமகளாக வந்த அக்தரி பேகத்துக்கு இப்போது எண்பத்தைந்துக்கு மேல். கண் மங்கிவிட்டது, நாக்கு மங்கவில்லை. முனுசாமி என்ற பேரைச் சொன்னதும் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தோல் விக்காத முனுசாமியா?"

அமிர்தவள்ளி அந்தோணியைப் பார்த்தாள். அவன் எனக்குத் தெரியாது என்று கையை விரித்தான்.

"ஆடி மாசம் ஒரு நாளு லீவு கேப்பான். கிடா ஒண்ணு புடிச்சிக்கினு போவான். கோயிலுக்குக் கிடா வெட்டறவங்க எல்லாரும் தோல எங்க மண்டிக்குத்தான் கொண்டாருவாங்க. இவன் வெறுங்கைய வீசிக்கினு வருவான். 'தோல் எங்கடா?'ன்னு எங்க மாமனாரு கேப்பாரு. 'அந்தச் சாமிக்கு வெட்டின தோல விக்கக் கூடாதுங்க'ன்னுவான். 'தோல் மண்டியில வேல செய்றவனுக்குத் தோல் விக்காத சாமியா!'ன்னு மாமனாரு வுழுந்து வுழுந்து சிரிப்பாரு. அந்தப் பேரே நெலச்சிப் போச்சி."

"எந்த ஊருக்குப் போவாருன்னு தெரியுங்களாம்மா?"

"வேலூர் போயி கணியம்பாடி பஸ்ஸு ஏறணும்பான். ஊர் பேரு அல்லாவுக்குத்தான் தெரியும். அவன் மவுத்தானப்புறம் பசங்க யாரும் போகல."

கணியம்பாடி என்பது ஒரு ஊர் இல்லை. சுற்றிலும் ஏரியும் நெல்வயலுமாக எத்தனையோ கிராமங்கள். போனில் கோயில் என்று தட்டினால் மேப் முழுக்கச் சிவப்புப் புள்ளி அம்மை போட்டதுபோல் நிற்கிறது. ஒவ்வொரு கோயிலாக ஏறி இறங்கினால் பூர்ணிமாவுக்கு அறுபதாம் கல்யாணம்தான் செய்ய முடியும். அமிர்தவள்ளி லைனில் நின்றபடி இதையே யோசித்தாள். கோயிலைப் பற்றிப் பூசாரிக்குத் தெரியும். ஆனால் அவருக்குத் தன் கோயில் மட்டும்தான் தெரியும். எல்லாக் கோயிலின் தோலும் தெரிந்தவன் யார்? தோல் எடுக்கிறவன்.

அடுத்த ஞாயிறு காலையில் கணியம்பாடியில் கறிக்கடை வரிசையின் ஓரத்தில் போய் நின்றாள். எதிர்பார்த்தபடியே ஒரு மினி வேன் வந்தது. உப்பு மூட்டையும் பச்சைத்தோலுமாக வண்டி நாறியது. மற்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள், ஆம்பூர்க்காரிக்கு அது ஒரு வாசனையே இல்லை. வண்டிக்காரன் ரிஹான், இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும். அப்பா காலத்திலிருந்து அந்தப் பக்கத்தின் கறிக்கடை, கோயில் எல்லாவற்றிலும் தோல் எடுப்பது அவர்கள்தான்.

"தம்பி, இந்தப் பக்கம் எந்தக் கோயில்ல உனக்குத் தோல் கெடைக்காது?"

ரிஹான் அவளை ஒரு தடவை பார்த்தான். அப்படி ஒரு கேள்வியை யாரும் அவனிடம் கேட்டிருக்க மாட்டார்கள். "மேலேரிப்பட்டுலக்கா," என்றான். "ஏரிக்கரை முனீஸ்வரன். தோல விக்க மாட்டாங்க, குழி தோண்டி பொதைச்சிடுவாங்க. எங்கப்பா எவ்ளோ கேட்டுப் பாத்தாரு, முடியாதுன்ட்டாங்க. ஆடி மாசம் அந்தாண்ட போனா டீசல்தான் வேஸ்ட்டு."

அவன் சொன்ன மற்றது எதுவும் அமிர்தவள்ளியின் காதில் ஏறவில்லை. முனீஸ்வரன் என்ற ஒரு சொல் மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அங்கேயே திரும்பியிருக்கலாம். எதிர்ப் பக்கத்தில் வேலூர் பஸ் நின்றுகொண்டிருந்தது, கண்டக்டர் கூப்பிட்டுக்கொண்டும் இருந்தார். முனீஸ்வரன் ஆயிரம் இருக்கும், வாலாஜாபேட்டைக்காரருக்குக் கணியம்பாடியில் என்ன வேலை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினாள்.

மேலேரிப்பட்டு ஏரியில் தண்ணீர் கம்மி. கரைமேல் புளியமரத்தடியில் பெரிய மீசையும் அரிவாளுமாகச் சுதை முனீஸ்வரன், அவர் காலடியில் மூலவராக முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். புதுசாக டைல்ஸ் போட்டிருந்தார்கள். பூசாரி சருகு பெருக்கிக்கொண்டிருந்தார். நடுவயதுக்காரர், பேச ஆள் கிடைக்காதவர். கற்பூரம் ஏற்றி விபூதி கொடுத்துவிட்டு, "எந்த ஊரும்மா?" என்றார்.

"வேலூருங்க." ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. "இங்க கிடா தோல பொதைச்சிடுவாங்களாமே, ஏன் அப்படி?"

பூசாரி விளக்குமாற்றைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். "அது ஒரு குடும்பத்தோட கதம்மா. இந்தச் சாமிக்கு ரெண்டே வீடு. மேலண்ட வீடு, கீழண்ட வீடு. கூடப் பொறந்த அண்ணன் தம்பி. சாமிக்குக் கொடுத்ததுல வியாபாரம் கூடாதுன்னு அந்தக் காலத்துலருந்து தோல பொதைக்கிற வழக்கம். தம்பிக்காரன் ஒரு வருசம் பொஞ்சாதிக்கு ஒடம்பு முடியலன்னு, பொதைச்ச தோலத் தோண்டி எடுத்து யாவாரிக்கு வித்துட்டான். ஊருக்குத் தெரிஞ்சிபோச்சி. அண்ணங்காரன் நடுக்கோயில்ல வெச்சி செருப்பால அடிச்சான். அன்னிக்கி ராத்திரியே குடும்பத்தோட கெளம்பிப் போய்ட்டான். தோல் ஷாப்புல வேலைக்குப் போய்ட்டதா சொல்வாங்க. எந்த ஊருன்னு தெரியாது."

"அப்புறம் வரவே இல்லிங்களா?"

"வருவானாம். ஆடி திருவிழா முடிஞ்ச மறுநாளு, யாரும் இல்லாதப்ப. கிடா வெட்டி, தோல அவன் கையாலயே பொதைச்சிட்டு, ஒருத்தர் மூஞ்சியும் பாக்காம போய்டுவான். எங்க அப்பாரு பாத்திருக்காரு. முனுசாமின்னு பேரு. ஒரு வருசம் வரல. அதோட சரி."

அமிர்தவள்ளிக்குக் கண் நிறைந்தது. முதலில் வந்தது சந்தோஷம்தான், அதில் பொய் இல்லை. ஒரு தோலை விற்றதற்காக ஊரை விட்டுப் போனவன் ஆயுசு முழுக்கத் தோலிலேயே கிடந்தான். மகன், பேரன் என்று எல்லாரும் தோலில் கிடந்தார்கள், ஏன் என்றே தெரியாமல். இதைச் சுந்தரமூர்த்தியிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. பாட்டன் யார் என்று தெரியாமலே அந்த மனிதர் போய்விட்டார்.

பூசாரி பேசிக்கொண்டே போனார். "அண்ணங்காரன் அப்புறம் மனசு வெறுத்துட்டான். சாகற வரைக்கும் தம்பி பங்க தனியா எடுத்து வெப்பான். இன்னிக்கும் கிடா வெட்டினா கீழண்ட வீட்டுப் பங்கு ஒரு எலையில தனியா இருக்கும். யாரும் தொட மாட்டாங்க. கடைசியில காக்காய்க்குத்தான். அவங்க வம்சம் எங்கியாவது இருக்கும், வரும்னு மேலண்ட வீட்டுல அண்ணங்காரனோட பேரன் இன்னும் நம்பறாரு. இந்த டைல்ஸ்கூட அவரு போட்டதுதான். வாலாஜாபேட்டையில இருக்காரு, ரிட்டயர்டு கண்டக்டரு. சீனிவாசன்னு பேரு. பையனுக்குக் கல்யாணம் கூடி வருதாம், மொத பத்திரிகை வெக்க வரேன்னு சொல்லியிருக்காரு."

அமிர்தவள்ளி கல்லைப் பார்த்தபடியே நின்றாள். செருப்புக்கு இடதும் வலதும் ஒரே தோலிலிருந்து வந்தால்தான் ஜோடி. கல்யாணத்துக்கு ஒரே தோலிலிருந்து வந்தால் ஜோடியே இல்லை. காலம் பூராவும் ஜோடி பார்த்துக் கழித்தவளுக்கு இது விளங்க எவ்வளவு நேரமாகும்?

"ஏம்மா, நீங்க எந்த வீடு?" பூசாரி இப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தார். "எதுக்குத் தோலப் பத்திக் கேட்டீங்க?"

அவர் கேட்ட குரலில் ஆசை இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த மனிதர் மேளம் கூட்டிக் கொண்டாடியிருப்பார். தொலைந்துபோன வீடு வந்துவிட்டது என்று ஊரே திரளும். காக்காய்க்குப் போகிற இலைக்கு ஆள் வந்துவிடும். பூர்ணிமாவுக்கு மட்டும் இளம்பரிதி அண்ணன் ஆகிவிடுவான்.

"எங்களுக்குத் திருப்பதிங்க," என்றாள். "ஏரிய பாக்கலாம்னு வந்தேன்."

தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மாட்டேன் என்று மகளிடம் வீறாப்புப் பேசியவள், தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லிவிட்டுக் கரையை விட்டு இறங்கினாள். பஸ்ஸில் சாமிமேல் கோபம் கோபமாக வந்தது. இத்தனை வருஷம் எங்கே இருக்கிறாய் என்று தெரியாமல் நன்றாகத்தானே இருந்தோம், இப்போது எதற்கு அகப்பட்டாய்? பிறகு அந்தக் கோபம் போய்ப் பயம் வந்தது. வம்சம் விளங்காது என்கிறார்களே. அவளுக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று சொல்ல முடியாது, உண்டு என்று சொல்லவும் முடியாது. மகள் முகம்தான் கண்முன் நின்றது. வேலூர் வருவதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்.

"கிடைச்சுதாம்மா?" என்றாள் பூர்ணிமா, செருப்பைக் கழற்றக்கூட விடாமல்.

"இல்ல."

"அடுத்த வாரம் நானும் வர்றேன். சேந்து தேடலாம்."

"வேணாம். இனிமே தேடறதுக்கு எடம் இல்ல."

மறுநாள் ஷிப்டுக்குப் போகும்போது கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடையில் சீனிவாசன் நின்றிருந்தார். வாலாஜாபேட்டையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்க வேண்டும். முகத்தில் சவரம் இல்லை. அவளைப் பார்த்ததும் இரண்டு டீ சொன்னார். சுற்றிலும் ஐடி கார்டு மாட்டிய பெண்கள் அவசர அவசரமாகப் பன் தின்றுகொண்டிருந்தார்கள்.

"பூசாரி போன் பண்ணாரும்மா," என்றார். "ஒரு அம்மா வந்தாங்களாம். தோலப் பத்திக் கேட்டாங்களாம். முனுசாமி பேர எடுத்ததும் கண்ணு கலங்கிச்சாம். கையில ஆம்பூர் ஷூ கம்பெனி பை இருந்துச்சாம்."

அந்தப் பை இப்போதும் அவள் தோளில்தான் தொங்கியது. கம்பெனியில் தீபாவளிக்குக் கொடுத்தது. அவ்வளவுதான், இங்கேயே இந்த நிமிஷத்திலேயே கல்யாணம் நின்றுவிட்டது என்று அமிர்தவள்ளி நினைத்தாள்.

சீனிவாசன் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். பிறகு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார். "உங்க குலதெய்வம் கிடைச்சுதாம்மா?"

அந்தக் கேள்வியின் அர்த்தம் அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. கிடைத்தது என்று சொல்லிவிடாதே என்று அந்த மனிதர் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"இல்லிங்கண்ணா. நல்லா தேடிட்டேன். திருப்பதின்னே போட்டுடுங்க."

"நல்லா தேடினீங்களா?"

"நல்லா தேடினேன்."

அவர் தலையாட்டினார். "எங்கப்பா சாகறப்போ எனக்கு ஒரே ஒரு வேலதான் வெச்சிட்டுப் போனாரு," என்றார். "என் சித்தப்பா வழியில யாராச்சும் கண்ணுல பட்டா, பெரியவன் சின்னவன்னு பாக்காத, கால்ல வுழுந்து கூட்டிட்டு வாடா, நம்ம வீட்டு செருப்பு பட்ட பாவம் அப்பத்தான் தீரும்னாரு. பஸ்ஸு போன ஊருல எல்லாம் கேட்டிருக்கேன். தோல் ஷாப் இருக்கற ஊருல எல்லாம் எறங்கிக் கேட்டிருக்கேன்."

"கெடைக்கலிங்களா?"

சீனிவாசன் அவளை நேராகப் பார்த்தார். "கெடைக்கலம்மா" என்றார்.

டீக்கடைக்காரர் காலி டம்ளருக்குக் கை நீட்டினார். இரண்டு டம்ளரும் நிறைந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

"சம்பந்தி போட்டோ வெச்சிருக்கீங்களா? அன்னிக்கி வீட்டுல மாட்டியிருந்தீங்க. சரியா பாக்கல. பொண்ண பாத்தோம், வீட்ட பாத்தோம், அவர பாக்கல."

அமிர்தவள்ளி போனைத் தேய்த்து, டேனரி ஆயுதபூஜையில் சந்தனப் பொட்டோடு நிற்கும் சுந்தரமூர்த்தியை எடுத்துக் கொடுத்தாள். சீனிவாசன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். அகலமான அந்த நெற்றியும், நடுவில் பள்ளம் விழுந்த முகவாயும் போனுக்குள்ளும் இருந்தன, போனைப் பிடித்திருந்தவரிடமும் இருந்தன. இத்தனை நாள் இது எப்படிக் கண்ணில் படாமல் போனது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "எங்கம்மா இருக்காங்க," என்றார் தணிந்த குரலில். "பேரன் கல்யாணத்துக்கு வீல்சேர்லயாவது வந்து முன்னாடி ஒக்காரணும்னு சொல்லிக்கினு இருக்காங்க. அவங்களுக்கு எங்கப்பா மொகம், எங்க தாத்தா மொகம் எல்லாம் அத்துப்படி. மண்டபத்துல பொண்ணு வீட்டுப் பக்கம் அப்பா போட்டோவ மாலை போட்டு வெப்பீங்க இல்ல..."

அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இல்லை. தகப்பன் இல்லாத பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் மணமேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அவன் படத்தை வைப்பார்கள். மணமக்கள் முதலில் விழுந்து கும்பிடுவது அந்தப் படத்தைத்தான்.

"வெக்க மாட்டேங்கண்ணா" என்றாள் அமிர்தவள்ளி.

தை மாதம் வாலாஜாபேட்டையில் கல்யாணம் நடந்தது. பத்திரிகையில் பெண் வீட்டார் பக்கம் திருப்பதி வெங்கடாசலபதி துணை என்று போட்டிருந்தது. அந்தோணி குடும்பத்தோடு வந்து மொய் எழுதிவிட்டு, "கடைசியில சாமி கெடைக்கலியா அண்ணி?" என்று சிரித்துவிட்டுப் போனான். சீனிவாசனின் அம்மா முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்தார்.

தாலி கட்டி முடிந்ததும் ஐயர், "பொண்ணோட தகப்பனாருக்கு நமஸ்காரம் பண்ணிக்கோங்கோ" என்றார். பூர்ணிமா மாலையும் கழுத்துமாக இளம்பரிதியின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். மேடையின் இந்தப் பக்கத்தில் நாற்காலி இருந்தது, அதன்மேல் ஒன்றும் இல்லை. அவள் மேடையெங்கும் தேடிவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"அப்பா போட்டோ எங்கம்மா?"

ஒத்துப்போகாத ஒரு ஜோடியைக்கூட லைனைத் தாண்டவிடாத அமிர்தவள்ளி எல்லாருக்கும் கேட்கும்படி, "கல்யாண அவசரத்துல எடுத்தாற மறந்துட்டேன்மா" என்றாள்.

"மறந்துட்டியா?" என்றாள் பூர்ணிமா. அதற்குப் பிறகு அன்று முழுவதும் அவள் அம்மாவோடு பேசவில்லை.